சாய்ஸில் விட்ட பாடம்

ஜூலை 8, திங்கள்

இந்த டைரியைப் பிரெஞ்சில் எழுதுவதாக நினைத்துத்தான் வாங்கினேன். காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பஸ் ஏறினேன், பள்ளிக்கு வந்தேன் என்று நாலு வரி எழுதினேன். அதற்கு மேல் என் வாழ்க்கையைச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லையா, பிரெஞ்சுக்கு என் வாழ்க்கை போதவில்லையா தெரியவில்லை. தமிழிலேயே எழுதித் தொலைக்கிறேன்.

வேலையில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. நாமக்கல் பைபாஸை ஒட்டி, பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி. பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் பிரெஞ்சு மிஸ். இங்கே பிள்ளைகள் பிரெஞ்சு எடுப்பது பிரான்சுக்குப் போக இல்லை. தமிழ் எடுத்தால் கட்டுரை எழுதிக் கை ஒடியும், மார்க்கும் குறையும். பிரெஞ்சில் கைடை மனப்பாடம் செய்தால் சென்டம். மிச்ச நேரமெல்லாம் நீட் தேர்வுக்கு.

இன்று தாளாளர் கூப்பிட்டார். மேஜையில் என் பாடத்திட்டம்.

"இந்தக் கோந்தி... கோந்திஸி... என்ன கருமமோ, இது ரெண்டு மார்க்குத்தானுங்களே வருது?"

"ஆமாங்க சார்."

"எத்தனை பீரியடு ஆகும்?"

"ஒரு வாரம் பத்து நாள் ஆகுங்க சார்."

"ரெண்டு மார்க்குக்குப் பத்து நாளா? சாய்ஸ்ல விட்டுருங்க மிஸ்."

"செரிங்க சார்."

'ஆமாங்க சார்', 'செரிங்க சார்'. இன்றைக்கு நாள் கணக்கைச் சொன்னதை விட்டால், இந்த இரண்டைத் தவிர அவரிடம் நான் இதுவரை வேறெதுவும் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏங்கண்ணு மூஞ்சி இப்படி இருக்குது?" என்றாள். கோந்திஸியோனெலைச் சாய்ஸில் விடச் சொல்லிவிட்டார்கள் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தறிச் சத்தத்தில் அவளுக்குக் காதே பாதி போய்விட்டது. "பஸ்ல கூட்டம்மா" என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

எரிச்சல் இன்னும் தீரவில்லை. மற்ற எந்தப் பாடத்தை விடச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன்.

எம்.ஏ. படிக்கும்போது பாண்டிச்சேரியில் ஒரு ரொட்டிக் கடைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரம்மாவிடம் பிரெஞ்சில் பேசப்போகிறேன். "எனக்கு ரொட்டி வேண்டும்" என்று இலக்கணப் பிழையே இல்லாமல் சொன்னேன். அந்தம்மா கடன் வசூலிக்க வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பின்னால் நின்ற சின்னப் பெண் "ஜ வூத்ரே" என்று தொடங்கினாள். முடிந்தால் எனக்கொன்று கிடைக்குமா என்ற மாதிரி. அந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அதுதான் கோந்திஸியோனெல். இருந்தால், நடந்தால், முடிந்தால் என்று பேசுகிற வடிவம். என்னைப்போல் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்காகவே யாரோ உட்கார்ந்து செய்தது. அதைப் போய் விட்டுவிட வேண்டுமாம்.

ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் எடுப்பேன். யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஜூலை 11, வியாழன்

தொடங்கினேன். ஏன் தொடங்கினேன் என்றிருக்கிறது.

"எதிர்கால வினையோட உடம்பை எடுத்துக்கோங்க. அதுல இறந்தகால வினையோட வாலை ஒட்டுங்க. அவ்வளவுதான்" என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் பெஞ்சு ரக்ஷனா எழுந்தாள். அவள் வாய்க்கு ஒரு பூட்டு செய்ய வேண்டும். "மிஸ், எதிர்காலமும் இருக்குது, இறந்தகாலமும் இருக்குது. நிகழ்காலம் எங்க மிஸ்?"

"இதுல நிகழ்காலம் கிடையாது."

"நம்ம ஹாஸ்டலாட்டவா மிஸ்?"

வகுப்பு சிரித்து அடங்க நேரமானது. சிரிப்பைத் தமிழில் சிரித்தார்களா ஆங்கிலத்தில் சிரித்தார்களா என்று பார்க்க வார்டன் ஜெயமணி மேடம் ஜன்னல் பக்கம் வந்துவிட்டுப் போனார்.

ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். அத்தனை பேரும் எழுதியது: 'நான் பணக்காரியாக இருந்தால் ஒரு வீடு வாங்குவேன்.' கைடில் இருக்கிற வாக்கியம். வகுப்பு முழுக்கப் பணக்காரியாகி ஒரு தெருவையே வாங்கிவிட்டார்கள். அதிலும் பாதிப் பேருக்கு வால் தப்பு.

ஜூலை 15, திங்கள்

கைடு வாக்கியத்துக்குத் தடை போட்டேன். எழுதவும் வேண்டாம், எழுந்து வாயால் சொன்னால் போதும், ஆனால் சொந்த ஆசையாக இருக்க வேண்டும் என்றேன். வகுப்பு செத்த மாதிரி ஆகிவிட்டது.

"மிஸ், போர்டுல எழுதிப் போட்டுருங்க மிஸ்."

"உங்க ஆசையை நான் எப்படிம்மா போர்டுல எழுதுறது?"

"எல்லா மிஸ்ஸும் எழுதிப் போடுவாங்க மிஸ்."

பொறுமை போய் டஸ்டரால் மேஜையைத் தட்டினேன். சாக்பீஸ் தூள் என் மேலேயே வந்து விழுந்தது. அப்போதுதான் ரக்ஷனா எழுந்தாள். "ஸி ல சாம்பார் அவே தியு ஸெல், ஜ மான்ஜ்ரே." சாம்பாரில் உப்பு இருந்தால் சாப்பிடுவேன். ஒரு பிழை இல்லை. கை தட்டினேன். பிறகு என்ன, இட்லி மெத்தென்று இருந்தால், தயிரில் தண்ணீர் இல்லாவிட்டால், பாத்ரூமில் தாழ்ப்பாள் இருந்தால் என்று மடை திறந்துவிட்டது.

கடைசியில் ஜன்னலோரப் பெண் மிதுனா. ஒல்லி, பேசவே மாட்டாள். உச்சரிப்பு மட்டும் வகுப்பிலேயே அவளுக்குத்தான் சுத்தம். "வீட்டில் இருந்தால் விளக்கை அணைப்பேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"டார்மிட்டரில லைட்டை அணைக்க மாட்டாங்க மிஸ். படிக்கறவங்க படிக்கோணும்னு. கண்ணு மூடுனாலும் சிவப்பாவே தெரியும். எங்கப்பா கோழிப்பண்ணை வெச்சிருக்கறாருங்க. முட்டை வெக்கறதுக்குப் பண்ணையிலயும் ராத்திரி லைட்டு போடுவோம் மிஸ். ஆனா அங்ககூட ஒரு நேரத்துக்கு மேல அணைச்சிருவோம். இல்லைன்னா கோழி ஒன்னையொன்னு கொத்தும்."

வால் சரியாகத்தான் இருந்தது. உட்காரச் சொன்னேன்.

ஜூலை 18, வியாழன்

பள்ளி வளாகத்தில் தமிழ் பேசக்கூடாது. பேசி மாட்டினால் கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். அடுத்து யாராவது தமிழ் பேசி மாட்டுகிறவரை அதைக் கழற்றக்கூடாது. அட்டை தொங்குகிறவள் மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டே அலைவாள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவரை நான் பார்க்க வேண்டும். பார்த்தால் 'செரிங்க சார்' என்றுதான் சொல்வேன், அது வேறு விஷயம்.

இன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள்! தமிழ் பேசினால் அட்டை, இங்கிலீஷ் பேசினால் ஜெயமணி மேடத்துக்குப் புரிந்துவிடும். பிரெஞ்சு பேசினால் இரண்டும் இல்லை. கோந்திஸியோனெல் ஒன்றுதான் தெரியும் என்பதால் எல்லாமே இருந்தால், நடந்தால்தான்.

சாயந்திரம் மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், ஒன்னு கேக்கோணும். இவளுக என்னமோ பேசிக்கறாளுகளே, அது பிரெஞ்சுதானுங்களா? இல்ல, என்னையத் திட்டறாளுகளா?"

"பிரெஞ்சுதாங்க மேடம்."

"என்னன்னு பேசறாளுக?"

"சும்மாங்க. சாப்பாடு நல்லா இருக்குன்னு."

பொய்யும் இல்லை. இருந்தால் என்ற ஒன்றைத்தான் விட்டேன்.

ஜூலை 24, புதன்

மேடம் போய்ச் சொல்லி, தாளாளர் சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்து நின்று கேட்டார். ரக்ஷனா அவர் முகத்தைப் பார்த்தே, "இந்த ஐயா ஒருநாள் எங்கள் சாம்பாரைச் சாப்பிட்டால் அழுவார்" என்றாள், பிரெஞ்சில். தாளாளர் என் பக்கம் திரும்பி, "மிஸ், சூப்பருங்க! பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இதெல்லாம் இருக்குதா?" என்றார்.

"செரிங்க சார்" என்றேன். அந்த இடத்தில் பொருந்தவே இல்லை.

ஜூலை 29, திங்கள்

இன்று எனக்கு மெஸ் ட்யூட்டி. மிதுனா தன் தட்டுச் சோற்றை அப்படியே ரக்ஷனா தட்டில் தள்ளிவிட்டாள். பிடிக்காத பொரியலாக இருக்கும். கோவைக்காய்.

வகுப்பில் அவள் சொன்ன வாக்கியம்: "எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால், என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள்." அனுப்புதல் என்ற வினைக்கு எதிர்கால உடம்பு வழக்கத்துக்கு மாறாக வரும். எம்.ஏ. வகுப்பிலேயே பாதிப் பேர் அதில் விழுவோம். இவள் தடுமாறாமல் சொன்னாள். "ட்ரே பியான்" என்றேன். மிக நன்று.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. எங்கள் தெருவே காவிரிக்குப் போயிருந்தது. அம்மா எனக்கும் சேர்த்து முளைப்பாரி விட்டாளாம். எனக்குப் பள்ளி. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வாரத் தேர்வு.

பிள்ளைகள் பழிவாங்கிவிட்டார்கள். இன்றைக்கு எல்லா வாக்கியமும் ஆறு. ஆறு இங்கே வந்தால் குதிப்போம், ஆறு மெஸ்ஸுக்குள் வந்தால் சாம்பாரைக் கரைத்துவிடுவோம், ஆறு மேடம் அறைக்குள் போனால் அட்டை மிதக்கும். மிதுனா மட்டும் எழவில்லை. தலைவலியாம். நானும் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஞாயிறு ட்யூட்டி எனக்கு எப்படி விழுந்ததென்றே தெரியவில்லை. கேட்க வாய் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளைகள் வீட்டுக்குப் பேசும் நாள். ஆஃபீஸில் ஒரு செல்போன், ஸ்பீக்கரில். பக்கத்து நாற்காலியில் ஜெயமணி மேடம், கையில் பேனாவோடு. ஒவ்வொருத்தியாக வந்து நின்று பேசிவிட்டுப் போனார்கள். வீடுகள்தான் மாறின, பேச்சு ஒன்றுதான். மிதுனா முறை.

"கண்ணு, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா."

"நல்லா படிக்கறயா?"

"படிக்கறேன்ப்பா."

"ஒடம்பு?"

மேடம் பேனாவை மூடித் திறந்தார்.

"நல்லா இருக்குதுப்பா."

"செரி கண்ணு. சாப்பிடு, என்ன? நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா வெச்சரட்டுமா?"

அவர் வைத்த பிறகும் அவள் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்தவள் இடித்ததும் நகர்ந்தாள். சீருடையின் இடுப்பில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. ஜூன் மாதம் அளவெடுத்துத் தைத்த சீருடை. தையல்காரர் சரியில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பதினெட்டாம் தேதி பெற்றோர் விழா. இப்போது படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர், அடுத்த வருடம் சேர்க்கலாமா என்று நோட்டம் பார்க்கும் பெற்றோர் எல்லோரும் வருவார்கள். மேடையில் ஒரு பெண் பிரெஞ்சில் பேச வேண்டும் என்றார் தாளாளர்.

"எந்தப் புள்ள நல்லா பேசும் மிஸ்?"

ரக்ஷனாவைச் சொன்னால் என் வேலை அன்றோடு முடிந்தது. "மிதுனாங்க சார்."

"நல்ல உரையா எழுதிக் குடுங்க. டாக்டர் ஆனா ஏழைகளுக்குச் சேவை செய்வேன், அந்த மாதிரி. நீங்களும் தமிழ்ல ஒருக்காச் சொல்லிருங்க, மக்களுக்குப் புரியோணுமில்ல?"

"நானுங்களா சார்? மைக்குலயா?"

அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது. அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலை வழிபாட்டில் மிதுனா விழுந்துவிட்டாள். முன்னால் நின்றவள்மேல் சாய்ந்து, அப்படியே மடங்கி. தலையில் அடி இல்லை. மேடம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்.

"வெயிலுங்க மிஸ், வேறொன்னுமில்ல."

ஒரு வாரமாக வெயிலே இல்லை. இன்றும் தூறிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குச் சொல்லீட்டீங்களா மேடம்?"

"ஞாயித்துக்கிழமை அவீங்களே வாராங்களே. இப்பச் சொன்னா பதறியடிச்சு ஓடியாருவாங்க. விழா முடியட்டும்."

வகுப்பில் பக்கத்தில் போய், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். ரக்ஷனா அவளுக்குப் பின்னால் என்னைப் பார்த்து, இல்லை என்று தலையை அசைத்தாள். பிறகு பிரெஞ்சில், மெதுவாக, "மிஸ் யாரிடமாவது சொன்னால் நன்றாக இருக்கும்" என்றாள். வாய்த்துடுக்கு.

எனக்கே சொந்த வேலை ஆயிரம் இருக்கிறது. தேர்வுத்தாள் திருத்த வேண்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தாளாளர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளே போனேன். "என்னங்க மிஸ்?" என்றார்.

கலர் சாக்பீஸ் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

என்னை நினைத்தாலே எனக்கு எரிகிறது. பச்சை சாக்பீஸ். அதை வைத்து என்ன செய்ய?

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம், "ஏம்ப்பா, ஹாஸ்டல்ல ஒரு புள்ள சாப்பிடாமக் கெடந்தா யார் கேக்கோணும்?" என்றேன். அப்பா ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்.

"பாத்தவீங்க கேக்கோணும்" என்றார். "எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்ப்பா."

"வேலையப் பத்திரமாப் பாத்துக்க கண்ணு. நம்ம தெருவுலயே நீயொருத்திதான் உக்காந்து பாக்கற வேலைக்குப் போறே."

உட்கார்ந்து பார்க்கிற வேலையாம். ஒரு நாளைக்கு ஆறு பீரியடு நிற்கிறேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பைபாஸில் பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். 'பிரெஞ்சு பேசும் வளாகம்.' ஒரு பக்கம் ஈபிள் கோபுரம், மறு பக்கம் நான். ஆதார் அட்டைக்கு எடுத்த போட்டோ எப்படிக் கிடைத்ததோ! கோபுரத்துக்குப் பயந்து ஒதுங்கி நிற்கிற மாதிரி இருக்கிறேன். பஸ்ஸில் கண்டக்டர், "ஏனுங், அது நீங்கதானுங்களே?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மிதுனாவோடு ஒத்திகை. நான் எழுதிய உரையைக் கிளிப்பிள்ளையாட்டம் ஒப்பித்தாள். 'நான் மருத்துவராக ஆனால் ஏழைகளுக்குச் சேவை செய்வேன்.' நல்ல உச்சரிப்பு. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள். டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினேன். அம்மா வைத்த எலுமிச்சைச் சாதம். பார்த்துவிட்டு மூடினாள்.

"மிஸ், இன்னும் ரெண்டு நாள்தானுங்களே" என்றாள்.

"எதுக்கு?"

"விழாவுக்கு மிஸ்."

டப்பாவை நான் திரும்பவும் திறக்கவில்லை. எனக்கும் பசிக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மிதுனாவின் அப்பா வேலுச்சாமி மூன்றாம் வரிசையில் இருந்தார். வெள்ளை வேட்டி, மடி நிறைய ஒரு பை. முறுக்காக இருக்கும். விழா முடிகிறவரை பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க முடியாது, அதுதான் ஒழுங்கு. மகள் மேடையேறியதும் பக்கத்து ஆளின் தோளைத் தட்டி, "என்ற புள்ளைங்க" என்றார். அது எனக்குக் கேட்டது. ஓரத்தில்தான் நின்றிருந்தேன், கையில் தமிழ் உரையோடு. தாள் ஈரமாகிவிட்டிருந்தது.

மிதுனா முதல் வரியைச் சரியாகச் சொன்னாள். 'நான் மருத்துவராக ஆனால்...' அங்கேயே நின்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் வாயசைத்துக் காட்டினேன். என்னைப் பார்த்தாள். மறக்கவில்லை.

பிறகு அவளே பேசினாள். நிதானமாக, ஒரு வால்கூடத் தப்பாமல். "வீட்டில் இருந்தால் விளக்கை அணைப்பேன். விளக்கை அணைத்தால் தூங்குவேன். இங்கே சாப்பிடாமல் இருந்தால் உடம்பு கெடும், கெட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அப்பா கேட்டால் சொல்வேன்."

மண்டபம் கைதட்டியது. வேலுச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு சொல் புரியாமல், பெருமையில். என் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் கை தட்டவில்லை. வரிசையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மண்டபத்தில் அவள் சொன்னது புரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

தாளாளர் மைக்கில், "எப்படிங்க? அசல் பாரீஸ்! பிரெஞ்சு மிஸ் கோகிலா, வாங்க. பாப்பா சொன்னதை நம்ம பெற்றோருக்குத் தமிழ்ல சொல்லுங்க" என்றார்.

ஏறினேன். படியில் கால் இடறியது. மைக் என் உயரத்துக்கு இல்லை, யாரும் இறக்கியும் வைக்கவில்லை. தாளைப் பார்த்தேன். 'ஏழைகளுக்குச் சேவை செய்வேன்.' வாசித்துவிட்டு இறங்கலாம். சென்டம். முன்வரிசையில் ஜெயமணி மேடம் சிரித்த முகமாக இருந்தார். மிதுனா என் பக்கத்தில் நின்றாள். அவள் மூச்சு வாடை எனக்குத் தெரிந்தது. ஆடி வெள்ளிக்குப் பட்டினி கிடக்கிற அம்மாவின் வாயில் வருகிற அதே வாடை.

எல்லாவற்றையும் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கடைசி வரியை மட்டும் சொன்னேன்.

"எங்கப்பா என்னைக் கேட்டா, நான் சொல்லுவேன். அப்படிங்கறாங்க."

என் குரல் ஸ்பீக்கரில் யாரோ மாதிரி கேட்டது. மண்டபத்தில் சலசலப்பு. தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வேலுச்சாமி எழுந்துவிட்டார். மடியிலிருந்த பையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்.

"என்னங்க மிஸ்? என்ன கேக்கோணும்?"

கையை மட்டும் மிதுனா பக்கம் காட்டினேன்.

பாவம், இத்தனை பேர் நடுவில் அவருக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பதையே கேட்டார்.

"கண்ணு, சாப்பிட்டியா?"

மிதுனா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "இல்லப்பா."

தமிழ். பள்ளி மேடையில், மைக்கில். மஞ்சள் அட்டை யார் கழுத்தில் இருந்ததோ தெரியவில்லை, ஒருத்தரும் அசையவில்லை.

"காத்தால சாப்பிடலையா?"

"ரொம்ப நாளாச் சாப்பிடலப்பா. எனக்கு இங்க வேண்டாம்ப்பா."

அவர் மேடைக்குப் படி வழியாக வரவில்லை. நேராக வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை ஊன்றி ஏறிவிட்டார். பூந்தொட்டி ஒன்று உருண்டது. தாளாளர், "அய்யா, அய்யா, ஆஃபீஸ்ல பேசிக்கலாமுங்க" என்றார். வேலுச்சாமி காதில் அது விழவில்லை. அவர் மகளின் இடுப்பு ஊக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது என்னிடம் நின்று, "மிஸ், உங்க நம்பர் குடுங்க" என்றார். எண்ணைச் சொல்வதற்குள் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தாளாளர் கூப்பிடுவார் என்று தெரியும். கூப்பிட்டார்.

"அந்தப் பாடத்தைச் சாய்ஸ்ல விடச் சொன்னனா, இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்பறம் ஏன் நடத்துனீங்க? நேத்து அட்மிஷனுக்கு வந்தவீங்கள்ல பாதிப் பேரு டீயக்கூடக் குடிக்காமப் போயிட்டாங்க. புள்ள என்ன பேசுச்சு? முழுசாச் சொல்லுங்க."

முழுசாகச் சொன்னேன். நாலு வரி, தமிழில். நின்றுகொண்டுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் 'செரிங்க சார்' என்று வாய் தானாக வரப் பார்த்தது. அதை விழுங்கிவிட்டு வேறொன்று சொன்னேன்.

"புள்ள விழுந்தது மேடத்துக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சாப்பிடாதது எனக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். நான் வால் சரியா இருக்குதான்னு பாத்துட்டு இருந்தேனுங்க சார்."

அவருக்கு வால் புரியவில்லை. "என்ன வாலு?" என்றார்.

"காலாண்டு முடியட்டும். அப்பறம் ஒரு முடிவு பண்ணிக்கலாம்" என்றார். என்ன முடிவென்று தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. பிளக்ஸை மட்டும் கழற்றவில்லை. போகும்போதும் வரும்போதும் கோபுரத்துக்குப் பயந்து நின்றுகொண்டிருக்கிறேன்.

வகுப்பில் ரக்ஷனா பேசவே இல்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது. போகும்போது மட்டும் வந்து, "மிஸ், நேத்து ராத்திரி டார்மிட்டரில லைட்டை அணைச்சாங்க மிஸ்" என்றாள். "மேடமே வந்து அணைச்சாங்க. நம்பவே முடியல. யாருக்கும் தூக்கம் வரல, இருட்டுல பேசிக்கிட்டே கெடந்தோம்."

"எதுல பேசுனீங்க?"

"தமிழ்லதான் மிஸ். இருட்டுல அட்டை யாரு கழுத்துல போடறது?"

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை இரண்டாம் பீரியடில் போன் அதிர்ந்தது. புது எண். வகுப்பில் எடுக்கக்கூடாது. எடுத்தேன்.

"மிஸ்ஸுங்களா? வேலுச்சாமி பேசறேனுங்க. மிதுனாப்பா."

"சொல்லுங்க."

"நேத்து டாக்டர்கிட்டக் காமிச்சமுங்க. பயப்பட ஒன்னுமில்ல, கஞ்சி மாதிரி கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கச் சொன்னாரு. ராத்திரி அரை டம்ளர் குடிச்சா. லைட்டை அணைச்சிட்டுப் படுத்தா." பின்னால் நூறு கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் எந்திரிக்கலைங்க மிஸ். மணி பத்தரை ஆகப் போகுது. எழுப்பட்டுங்களா?"

இதையெல்லாம் என்னிடம் ஏன் கேட்கிறார்? நான் பிரெஞ்சு மிஸ். வகுப்பு முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வேண்டாங்க" என்றேன். "தூங்கட்டும்."